வால் பக்கம் நான்கு செங்கல்

இசிப்பிங்கோவில் விமானங்கள் இறங்கியவரை
நான் நன்றாகத்தான் தூங்கினேன்.
இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டுக்
காலை எட்டுக்குப் படுத்தால்
கூரையை உரசுகிற மாதிரி ஒன்று போகும்,
அலமாரியில் தம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
புரண்டுகூடப் படுக்கமாட்டேன்.

பிறகு நிலையத்தை வடக்கே கொண்டுபோனார்கள்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது
மூன்றாம் வீட்டு நாய்,
டாக்ஸிக்காரன் ஹாரன்,
வெண்டைக்காய் வேனின் ஒலிபெருக்கி,
குளியலறைக் குழாய் சொட்டுவது.
இத்தனை சின்னச் சத்தங்களை
அந்த ஒரு பெரிய சத்தம்
இருபது வருஷம் போர்த்தி வைத்திருந்திருக்கிறது.

மாத்திரை வேண்டாம் என்றேன்.
தனபாலன் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சனிக்கிழமை
ஜேக்கப்ஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து
லாரியில் வந்து இறங்கியது
இறக்கை இல்லாத, மூக்கில்லாத
ஒரு டக்கோட்டாவின் உடம்பு.
பப்பாளி மரம் போயிற்று.
துணிக்கொடி போயிற்று.
"உனக்கு ரூம்" என்றார்
தக்காளி வாங்கி வந்த குரலில்.

பெக்கானி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச்
சுற்றிச் சுற்றி வந்தான்.
அலுமினியத்தில் என் கம்பி பிடிக்காது என்றான்.
அதனால் எல்லாமே ரிவெட், பசை, பொறுமை.
சுரண்டச் சுரண்டப் பச்சைப் பெயின்ட் வந்தது,
எலிக்கூடு வந்தது,
மஞ்சள் பஞ்சு வந்து மூன்று நாள் கையை அரித்தது.
உள்ளே நேரான சுவர் என்று ஒன்று இல்லை.
காலண்டர் மாட்டினால் அந்தரத்தில் தொங்குகிறது.
முருகன் படம் முன்னால் குனிந்து
இன்னுமா தூங்கவில்லை என்கிறது.

நகராட்சியிலிருந்து ரெங்கசாமி என்று ஒருவர்
படிவத்தோடு வந்தார்.
வாகனமா, கட்டடமா?
ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.
சக்கரம் இல்லை என்றார் இவர்.
அஸ்திவாரமும் இல்லையே என்றார் அவர்.
டீ குடித்தார்.
உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தார்.
அரைமணி நேரம் வெளியே வரவில்லை.
படிவத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை.

முன்பக்கம் உயர்ந்து, வால் தாழ்ந்து நின்றது அது.
"கிளம்பப்போகிற மாதிரி இருக்கட்டும்" என்று
இவர் அப்படித்தான் வைத்திருந்தார்.
முதல் நாள் தூங்கி எழுந்தபோது
கட்டிலோடு கதவருகே கிடந்தேன்.
செருப்பு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

ராத்திரியெல்லாம்
மூச்சு ஏறாதவர்களின் கட்டிலைத்
தலைப்பக்கம் உயர்த்துகிறேன், இறக்குகிறேன்.
என் கட்டிலாவது மட்டமாக இருக்கட்டும் என்றேன்.
எங்கும் கிளம்ப வேண்டாம்.

ஜாக்கி வைத்து வாலைத் தூக்கி
நான்கு நான்காகச் செங்கல் அடுக்கினார்.
மட்டக்கோலில் குமிழ் நடுவே வந்து நின்றது.
ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
விமானத்தைப் பார்க்காமல்.

படுத்தால் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி மேலே
பெயின்ட் படாத ஒரு சாண் இடத்தில்
பென்சில் எழுத்து:
ஹீர் லெக் டிட்.
இங்கே ஒழுகுகிறது.
எந்த மெக்கானிக்கோ, எந்த வருஷமோ.
ஆஃப்ரிகான்ஸில் என்னிடம்
இவ்வளவு உபயோகமாக யாரும் பேசியதில்லை.

சிலிக்கான் ட்யூப் வாங்கி
ஜன்னலில் வைத்திருக்கிறார் தனபாலன்.
ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை.
அதற்குள் நவம்பர் மழை வந்துவிட்டது.
தகரம் முழுக்க ஒரே இரைச்சல்.
நாய் இல்லை, ஹாரன் இல்லை,
வெண்டைக்காய் இல்லை.
சொன்ன இடத்தில், சொன்னபடி ஒழுகியது.

வார்டில் கழித்துப்போட்ட கிட்னி டிரேயைக்
கீழே நகர்த்தி வைத்தேன்.
டொக்.

இரண்டாவது சொட்டு விழுந்திருக்கும்.